இடம் பார்க்க வந்தவள்

"ஆத்துல வெள்ளம் வந்தா தண்ணி எதுவரைக்கும் ஏறும், அங்கிள்?"

ஜோசலின் கேட்டுவிட்டுக் கையிலிருந்த போனில் பதிலைக் குறித்துக்கொள்ளத் தயாரானாள்.

தங்கராஜு யோசிக்கவே இல்லை. "வீட்டுக்குள்ளயே வந்துரும்மா. போன வருஷம் கட்டில் மேல ஏறி நின்னேன்."

பச்சைப் பொய். லிங்கி கிராமத்தில் அவர் குடியிருந்த ஒரு ஏக்கர் நிலம் நல்ல மேட்டில் இருந்தது. எஸ்டேட்டில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றபின் பன்னிரண்டு வருடமாக அவர் அங்கேதான் தனியாக இருக்கிறார். மரவள்ளி, ஆடு, கோழி, மீன் குட்டை என்று பொழுது ஓடுகிறது. ஆற்று வெள்ளம் ஒருமுறைகூட அவர் வாசலைத் தொட்டதில்லை.

ஆனால் நிலம் மகன் ஹேமநாதன் பெயரில் இருந்தது. நேற்றுதான் அவன் தான் குடியிருக்கும் நீலாய் டவுனிலிருந்து போன் பண்ணினான். "நாளைக்கு ஒருத்தவங்க இடத்தைப் பார்க்க வருவாங்கப்பா. கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க, போதும்."

விற்கப் பார்க்கிறான். வந்தவளை எப்படியாவது விரட்டியாக வேண்டும்.

ஜோசலின் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தளும்பியது.

"நேத்து மழைலா. பிப்ரவரி வந்தா சொட்டு இருக்காது."

"ஒரு மாசம் கடைக்கே போக முடியலன்னா சாப்பாட்டுக்கு?"

தங்கராஜுக்கு ஆச்சரியமாக இருந்தது. நிலம் வாங்குகிறவர்கள் ரோட்டைக் கேட்பார்கள், கிராண்டுப் பத்திரத்தைக் கேட்பார்கள். இவள் கேட்பது புதிதாக அல்லவா இருக்கிறது!

"பட்டினிதான். மரவள்ளிய காட்டுப்பன்னி விடாது. ஆட்டுக்கு எந்நேரமும் சீக்கு." கொழுத்த கிடா ஒன்று குறுக்கே வந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"திடீர்னு பாம்பு கடிச்சிருச்சுன்னா? பக்கத்துல யாராச்சும் ஓடி வருவாங்களா?"

தினமும் காலையில் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டு ராமசாமியின் முகம் அவர் கண்முன் வந்தது. மனசு குத்தியது.

"ஒரு ஈ காக்கா வராதும்மா."

அவள் பெருமூச்சோடு போனில் எதையோ தட்டிவிட்டுப் பைக்குள் போட்டாள். "மறைக்காம சொன்னதுக்கு நன்றி, அங்கிள்."

"அப்ப இந்த இடத்த வாங்க மாட்டீங்கதானே?" குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

"வாங்கறதா? நானா?" ஜோசலின் விழித்தாள். "ஆபத்து அவசரத்துல ஒரு ஆள் தனியா சமாளிக்கிற இடமான்னு பார்த்துச் சொல்றதுதான் என் வேலை. 'நல்ல இடம்னா அப்பா ஆசைப்படி அங்கயே இருக்கட்டும், இல்லன்னா இந்த வாரமே நீலாய்க்குக் கூட்டிட்டு வந்துர்றேன்'னு உங்க மகன் சொல்லியிருந்தாரு. ரிப்போர்ட்ட இப்பதான் அவருக்கு அனுப்பினேன்... நீங்க துணிமணிய எடுத்து வைங்க, அங்கிள்!"