தளர்ந்த திருகு

மெக்கானிக் தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். ஊசி மேலேறியும் கொக்கி வந்து நூலைப் பிடிக்கவில்லை.

“போர்வை தைக்கிற மெஷின் இது ஒண்ணுதான். டைமிங் போச்சுன்னு இந்த மாசம் மூணாவது தடவையா உங்களைக் கூப்பிடறேன்” என்று முதலாளியம்மா சீறினாள். “யாராவது வேணும்னே கை வச்சிருந்தா இன்னைக்கே சீட்டுக் கிழிச்சிடுவேன்!”

பக்கத்தில் நின்ற தையல்காரி, மடித்த போர்வையையே மறுபடி பிரித்து மடித்தாள்.

கொக்கியின் திருகு மெக்கானிக்கின் விரலுக்கே சுழன்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“திருகு தேய்ஞ்சிருக்கும்மா. வேற போட்டுடறேன்.”

முதலாளியம்மா முணுமுணுத்தபடி உள்ளே போனாள். மெக்கானிக் தலையைத் தூக்காமல் திருகை முடுக்கினார்.

“அப்பனைப் பார்க்கிறதுக்கு மெஷினையா கெடுப்பாங்க? நான் வீம்புக்குப் பேசாம இருந்தது போதும். ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா.”