பில் இல்லாத தட்டு

பதினொரு நாட்கள், பதினொரு தட்டுகள். எதற்கும் பில் இல்லை.

நகராட்சி அதிகாரி கேமரா பதிவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். மதியம் ஒன்றரை மணி. மூலை மேசையில் நாலு பேர் சீட்டாடுகிறார்கள். கடைக்காரரின் மனைவி சமையலறையிலிருந்து வந்து, அவர்களில் ஒரு கிழவர் முன்னால் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். மறுநாளும் அதே கிழவர், அதே தட்டு.

தெரிந்தவர்கள் உணவகத்தில் உட்கார்ந்து சில்லறை வைத்து ஆடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஆடுகிறவருக்குக் கடையே இலவசமாகச் சாப்பாடு போட்டால், கடைதான் ஆள் பிடித்துச் சூதாட்டம் நடத்துவதாக அர்த்தம். கடைக்கு சீல் என்றார்.

அவள் கணவன் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். இந்தக் கடையைத் திறக்க ஏழு வருடம் அடுத்தவன் அடுப்பில் வெந்தவன் அவன்.

“நான் எங்க அண்ணனுக்கே பில் போடுறவன் சார்,” என்றான்.

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவைத் திறந்தார்.

யாரைக் கேட்டுப் போட்டாய், வாயைத் திறந்து ஏதாவது சொல் என்று கணவன் அவளிடம் கெஞ்சினான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள், தட்டை வைக்குமுன், வெங்காயத்தை மட்டும் விரலால் பொறுக்கி எடுத்தாள். பதினொரு நாளும் எடுத்திருந்தாள்.

தோற்கத் தொடங்கினால் அவர் பட்டினியோடே ஆடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கடைக்காரரின் வீட்டு ஆளுக்குப் போட்ட சாப்பாடு கணக்கில் வராது என்றார். அப்படி ஏதாவது உண்டா?

மூலை மேசையில் மற்ற மூவரும் எப்போதோ நழுவியிருந்தார்கள். கிழவர் மட்டும் இருந்தார். கையில் நல்ல சீட்டு வந்திருக்க வேண்டும். இந்தப் பெண் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டார் அதிகாரி.

கிழவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யாரு, சமைக்கிற பொண்ணா? நல்லா சமைக்குது.”

ஒன்பது வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு பொய் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அதையே இவனிடமும் சொன்னாள். அது இத்தனை வருடம் அவளைக் காப்பாற்றியிருந்தது.

பேனா தாளில் இறங்கியது.

அவள் ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் கணவன் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, செத்துப்போயிட்டார்னு சொன்னேனே, எங்க அப்பா. இவர்தான்.”