ஆமை வேகம்

"எந்த ஊர்லேருந்து வந்தீங்கன்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"அப்பாவைக் கேளுங்கன்னு சொல்லுவேன்."

"சமத்து." ஆறு வயது மகளுக்கு இரட்டைச் சடை பின்னி முடித்தவர், எழுந்துபோய் வாசல் கதவின் இரண்டு தாழ்ப்பாள்களையும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மணி காலை பத்துதான்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற அவரைப் பற்றித் தெருவில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. "தாயில்லாப் பிள்ளையை இப்படிக் கண்ணுக்குள்ள வச்சு வளர்க்க எத்தனை ஆம்பளையால முடியும்?" என்று பக்கத்து வீட்டு அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். மூன்று வருடத்தில் இது அவர்களுக்கு நாலாவது வீடு என்பது அவளுக்குத் தெரியாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

இவ்வளவு பயத்திலும் மனுஷனால் ஒரு பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. ரேடியோ. மாடியில் நீளமாக இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியைப் பார்த்து, "இதுல நானும் ரெண்டு துணி காயப்போட்டுக்கவா?" என்று அக்கா கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டார்.

தாழ்ந்த அலைவரிசையில், பழைய தந்திபோலப் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியில் பேசுவார், அதுவும் மெதுவான மோர்ஸ். ஒரு புள்ளிக்கே மூன்று வினாடி. ஒரு வார்த்தை போய்ச் சேர இரண்டு மூன்று நிமிடம். காதால் கேட்கிற விஷயமில்லை, எதிராளியின் கம்ப்யூட்டர் திரையில் குட்டிக் கோடும் நெட்டைக் கோடுமாக ஊர்ந்து வரும்.

சிக்னல் பலவீனமாக இருந்தாலும் வெகுதூரம் எட்டும் என்பதற்காக மற்றவர்கள் மெதுவாக அனுப்புவார்கள். இவர் காரணம் வேறு. மெதுவாக அனுப்ப ஒரு சின்னப் பெட்டி இருந்தது, எழுத்தைக் கொடுத்தால் அதுவே அனுப்பிவிடும். சாதாரண வேகத்துக்கு அந்தப் பெட்டி லாயக்கில்லை. கையால்தான் தட்ட வேண்டும்.

கையால் தட்டுவது கையெழுத்துப் போடுகிற மாதிரி. பழகிய காது ஒரே வரியில் ஆளைக் கண்டுபிடித்துவிடும். அதனால் மூன்று வருடமாக அவர் மோர்ஸ் தட்டும் கீயைத் தொடவே இல்லை.

எட்டு மாதமாகத்தான் பேச்சுத் துணைக்கு ஒருவர் அகப்பட்டிருந்தார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, இவராக வைத்த பெயர் ஆமை. "என் மனைவி போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு" என்று இவர் ஒரு நாள் சொன்னபோது, ஆமை வெகுநேரம் பதிலே அனுப்பவில்லை. எவ்வளவு இளகிய மனசு என்று இவருக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

இன்று ஆமையின் செய்தி வந்து முடிய முக்கால் மணி நேரமாயிற்று.

"நாளைக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் திரையைப் பார்க்கக் கூடாதாம். காது நல்லா இருக்கு. ஒரே ஒரு தடவை கையால தட்டுங்க, கேக்குதான்னு பார்க்கிறேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். மாட்டேன் என்றால் உலகத்தில் பேச இருக்கிற ஒரே ஆளும் போய்விடும். தட்டி, அதை யாராவது கேட்டுத் தொலைத்தால் மகள் கையைவிட்டுப் போய்விடுவாள்.

"அப்பா, வெளியே போய் விளையாடட்டுமா?"

"வேணாம்மா. உள்ளேயே விளையாடு."

அவளைப் பார்த்தார். கீயைப் பார்த்தார். இரண்டே வரி, பட்டப்பகலில் இதை எவன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கப்போகிறான்? விரல் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது.

"கேக்குதா? கண்ணு நல்லபடியா ஆயிடும். பயப்படாதீங்க."

தட்டி முடித்ததும் மூன்று வருடச் சுமை இறங்கிய மாதிரி இருந்தது. திரையைப் பார்த்தபடி காத்திருந்தார். பத்து நிமிடம் ஆகியும் ஒரு கோடுகூட வரவில்லை.

பதில் ஸ்பீக்கரில் வந்தது. சாதாரண வேகத்தில், கையால் தட்டியது. அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல அவ்வளவு பலமாக இருந்தது.

முதல் நாலைந்து தட்டிலேயே அது யார் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து ப்ளக்கைப் பிடுங்கப் போனவர், பாதியில் நின்று அறைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே மகள் பொம்மையிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தட்டிய கை, நிதானமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் கேட்டது:

"நான் எப்பங்க செத்தேன்?"