ஐந்து வருஷ விதை

"சிவப்பா, வெள்ளையா? ஒண்ணைச் சொல்லித் தொலைடா! வெளியே பாரு, பனி உருகிச் சொட்டுது!"

விதைக்கடை லைல் கத்தியது, விதை வாங்க வந்த ஓர்வில்லின் காதில் ஏறவே இல்லை. கையில் செல்போனோடு வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பத்து மணிக்குள் அவருடைய டெஸ்ட் ரிசல்ட்டைச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். மணி பத்தே முக்கால்.

லைலுக்கும் ஒரு வாரமாகத் தூக்கமில்லை. நாற்பது வருஷச் சிநேகிதம். வேறு எதையாவது பேசினால் இரண்டு பேர் மனசும் கொஞ்சம் ஆறுமே என்று விதையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையிலதான் கடைசி உறைபனியாம். தரை இறுகி வெடிச்சிருக்கும்போதே தூவினாத்தான் மண்ணு விதையை உள்ளே இழுத்துக்கும். கோட்டை விட்டேன்னா உன் நிலத்துல மேய வர்ற மானெல்லாம் பக்கத்து நிலத்துக்குப் போயிடும்."

"வழக்கம்போல சிவப்பு குளோவரே குடு. மானுங்க அந்தத் தீவனத்தை நல்லாத்தானே மேயுது."

"அது ரெண்டு வருஷத்துல செத்துப்போகும்டா! வெள்ளை குளோவரைப் போடு. அஞ்சு வருஷம் அந்தப் பக்கமே போக வேண்டாம். தொண்டை கிழிய இருபது வருஷமாச் சொல்றேன்."

"அந்தப் பக்கம் போகாம? வெர்னாவோட உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னவா?" ஓர்வில் முதல்முறையாக நின்றார். "மார்ச் மாசம் விதைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, காலடியில பனி நொறுங்க நடக்கணும். எனக்கு நிலம் இருக்கிறதே அதுக்குத்தான். மான் திங்கிறதெல்லாம் அப்புறம்."

"மான் வரலைன்னா உன் பொண்டாட்டி உன்னைத் தின்னுடுவா."

அது நிஜம். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வெர்னாவுக்குச் சமையலறை ஜன்னல்தான் உலகம். அதன் வழியே தெரியும் மான்களுக்கு அவள் பெயர்கூட வைத்திருந்தாள்.

போன் அடித்தது. ஓர்வில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

கண்ணாடி வழியாக லைலுக்கு முதுகு மட்டும் தெரிந்தது. ஓர்வில் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். லைல் ஏற்கெனவே அடுக்கியிருந்த பைகளையே எடுத்து எடுத்து அடுக்கினார்.

ஓர்வில் உள்ளே வந்தார்.

"வெள்ளையே குடுடா."

"என்னது? அஞ்சு வருஷ விதையா?" லைல் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்ப நல்ல சேதிதான்! அப்பாடா! இன்னும் அஞ்சு வருஷம் உன் தொல்லையை நான் தாங்கணுமா!"

மூட்டையைத் தூக்கித் தொப்பென்று மேஜையில் வைத்தார். ஓர்வில் அதன் மேல் மெதுவாகக் கையை வைத்தார்.

"டாக்டர் எனக்குக் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான்னு சொல்றாருடா. வெர்னாவால விதை தூவ முடியாது. நான் நாளைக்குத் தூவிட்டேன்னா, அவ ஜன்னலுக்கு அஞ்சு வருஷமாவது மான் வரும்ல?"