பெனிஷா பாய்ந்த பக்கம்

டிவியில் நடுவர் பெனால்டி என்று கையை நீட்டியதும், பால்துரை அண்ணாச்சி ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

மேல் கிளாஸுக்கும் கீழ் கிளாஸுக்கும் நடுவில், ஒரு முழ நீளத்துக்கு, அப்படியே. நான் பார்த்தேன்.

இங்கே திரேஸ்புரம் கடற்கரையில் உச்சி வெயில். அங்கே ஆஸ்திரேலியாவில் விளக்குப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கான ஆசியக் கோப்பை. ஆட்டம் சமநிலையில் இருந்தது. அப்படியே முடிந்தால் இந்தியா அடுத்த சுற்றுக்குப் போகும். இந்த ஒரு பந்து உள்ளே போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கோலில் நின்றது என் தங்கச்சி மகள் பெனிஷா.

பெரிய கோல்கீப்பருக்குக் கால் பிசகியதால் அன்றைக்குத்தான் அவளை முதல்முறையாக இறக்கியிருந்தார்கள்.

அவளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். படகிலிருந்து நான் வீசுகிற மீனைக் கரையில் நின்று பிடித்துப் பழகியவள். ஒருநாள் தலைக்கு மேலே பறந்து போன கோலா மீன் ஒன்றை எட்டிப் பிடித்து, ரொம்பச் சின்னதாக இருக்கிறதென்று திரும்பப் பறக்க விட்டாள்.

அவள் அம்மா கிருபை, என் தங்கச்சி, டிவிக்கு முதுகைக் காட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் பள்ளிக்கூடத்தில் ஆடும்போது ஒருதடவை போய்ப் பார்த்தாள். பெனிஷா கோல் வாங்கினாள். இன்னொரு தடவை போனாள். இன்னொரு கோல். தன் கண்ணில்தான் ஏதோ இருக்கிறது என்று அன்றோடு முடிவு கட்டிவிட்டாள். புருஷன் சங்கு குளிக்கப் போனாலும் கடல் பக்கம் திரும்ப மாட்டாள். நெஞ்சு பொறுக்காததை எல்லாம் அவள் முதுகால்தான் பார்ப்பாள்.

"இடப்பக்கம் பாயிம்மா," என்றார் பால்துரை, டிவியைப் பார்த்து. அவர் நாசரேத் பக்கத்து ஆள். நல்ல மனுஷன், கடல்தான் தெரியாது.

எங்கள் ஆட்களுக்கு இடமும் வலமும் சரிப்படாது. படகு திரும்பினால் இடம் வலமாகிவிடும். அதனால் படகில் எல்லாத் திசைக்கும் காற்றின் பெயர்தான். வடக்கு என்றால் வாடை. தெற்கு என்றால் சோழகம்.

"வாடப் பக்கம் பாயிளா," என்றான் ஒருத்தன்.

"ஏலே, கடைக்கு வாடயா, கிரவுண்டுக்கு வாடயா? வெளங்கச் சொல்லு. புள்ள கொழம்பிரப் போவுது," என்றான் இன்னொருத்தன்.

மூன்றாவது ஆள் வெளியே ஓடி, படகுக் கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டு வந்தான். சோழகக் காற்று என்றான். ஆஸ்திரேலியாவுக்கும் இதே காற்றுதான், போய்ச்சேரக் கொஞ்சம் தாமதமாகும் என்று நான் விளக்கினேன்.

அதற்குள் எதிரணிப் பெண் பந்தை வைத்துவிட்டாளாம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சங்கு குளிக்கிறவர்கள். இப்போது குழாய் வழியாகக் காற்று வந்தாலும் மூச்சுப் பிடிக்கிற பழக்கம் போகவில்லை. பிடித்தால் லேசில் விட மாட்டார்கள். நடுவர் விசில் ஊதத் தாமதித்தார். பால்துரை மட்டும் பழக்கம் இல்லாமல் நீலம் பாரித்தார்.

அந்த அமைதியில் கிருபை பெஞ்சில் அசைந்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டாள்.

"கிருப, பாக்காதளா," என்றார்கள் பக்கத்தில்.

"எம்புள்ள ஒத்தையில நிக்கா," என்றாள்.

திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

விசில் ஊதியது.

பெனிஷா வாடைப் பக்கம் பாய்ந்தாள். பாய்ந்தாள் என்றால், பாய்ந்துகொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் நான் ஒரு வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, மென்று முடித்திருக்கலாம். விரல் நுனியால்தான் தட்டினாள். பந்து இன்னும் கீழே இறங்கவில்லை என்று கேள்வி.

கடை இரைந்தது. தவக்காலம், அதனால் பட்டாசு இல்லை. துறைமுகத்தில் நின்ற நிலக்கரிக் கப்பல் ஒன்று எங்களுக்காக ஹாரன் அடித்தது. எதிரணி நாட்டுக் கப்பல்தான். பெருந்தன்மை.

மிச்ச நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இந்தியா அடுத்த சுற்றுக்குப் போயிற்று.

சாயங்காலம் பெனிஷா வீடியோவில் கூப்பிட்டாள். கிருபை "பாத்தேன்" என்று மட்டும் சொல்லி, அதற்கு மேல் முடியாமல் போனை என் கையில் திணித்தாள்.

"மாமா, நீங்க பாத்தீயளா?"

"பாக்காமயா? வாடப் பக்கம் என்னா பாய்ச்சல் பாஞ்ச."

அவள் முகத்தைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"நான் பாயவே இல்ல மாமா. பயத்துல காலு நவுரல. நின்ன எடத்துலயே நின்னேன். அவ நேரா என் நெஞ்சுல அடிச்சிட்டா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியும்.

பால்துரை கடை டிவியில், பின்னால் கேபிள் வயர் சொருகுகிற இடம் ஆடிப்போயிருக்கிறது. ஒரு ஆள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால்தான் படம் வரும். ஆட்டம் தொடங்கியதிலிருந்து டிவிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது நான்தான். ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட நான் பார்க்கவில்லை.

விசில் ஊதப் போகிற நேரத்தில் ஒரு பையன், "பெரியப்பா, நான் புடிக்கேன், நீங்க முன்னால போய்ப் பாருங்க," என்று வரத்தான் செய்தான்.

கை மாறும்போது படம் ஒரு கணம் போய்விடும்.

கிருபை அப்போதுதான் திரும்பியிருந்தாள்.