நாலாவது யன்னல்

முதல் அடியிலேயே முகம் கழுவும் தொட்டி மூன்றாகப் பிளந்து தரையில் விழுந்தது.

உடைப்பதற்குத்தான் வின்சன்ற்றுக்குச் சம்பளம். ஆனால் இன்று அவன் வீட்டை உடைக்கவில்லை, ஆளை அடிப்பதுபோல அடித்தான்.

யோகலிங்கம் தூசிக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு அறுபத்துநாலு வயது. இருவரும் பதினெட்டு வருடமாக ஒன்றாகவே வேலைக்கு வருகிறவர்கள். வின்சன்ற்றின் பிள்ளைகள் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும்.

காலையில் இந்த வீட்டைக் கண்டதும் வின்சன்ற் தெருவிலேயே நின்றுவிட்டான். அவன் ஜேர்மனிக்கு வந்த புதிதில், இப்போது செத்துப்போன அண்ணன் ஒருநாள் கூட்டிவந்து காட்டிய வீடு. "நான் பொன் நகரப் பக்கமே வந்ததில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு யோகலிங்கம் தலைக்கவசத்தை மாட்டினார்.

பொன் நகரம் ஒரு காலத்தில் மேற்கு ஜேர்மனியின் தலைநகரமாக இருந்தது. தற்காலிகம், தற்காலிகம் என்று சொல்லியே ஐம்பது வருடம் ஓட்டினார்கள். மூன்று மாத விசாவை நீட்டி நீட்டியே பத்து வருடம் கிடந்த தமிழனுக்கு அது விளங்காத சங்கதி இல்லை.

நியாயம் கேட்பதற்கு எல்லோரும் பஸ் பிடித்து இங்கேதான் வந்தார்கள். எண்பத்தாறில் வின்சன்ற்றின் அண்ணனும் பதாகையோடு இந்தத் தெருவால் போனான். அப்போது இலங்கைத் தூதரகமாக இருந்த இந்த வீட்டு மேல்மாடியின் நாலாவது யன்னலில் இருந்து யாரோ படம் எடுத்தார்கள்.

ஆறு கிழமையில் அந்தப் படம் யாழ்ப்பாணத்தில் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. பின்பக்கத்தில் பெயர், ஊர், தகப்பன் பெயர். துவக்கோடு வந்தவர்கள் படத்தைத் தகப்பனின் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு முற்றத்தில் வைத்தே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

வின்சன்ற்றுக்கு அப்போது எட்டு வயது. பக்கத்தில் நின்றான்.

"கமராவுக்குப் பேர் தெரியுமோ அண்ணை? எங்கட ஆள் ஒருத்தன்தான் உள்ளுக்கை இருந்து சொல்லியிருக்கிறான். அவன்ரை மண்டையை..."

மிச்சத்தை வின்சன்ற்றின் சம்மட்டி சொன்னது.

வெளியில் நின்று பார்த்தால் மேல்மாடிக்கு நாலு யன்னல். உள்ளே மூன்று அறைதான். அரசாங்கம் பேர்லினுக்குப் போனபின் பல கை மாறிய வீடு. நாலாவது அறையின் கதவை எவரோ மறைத்துச் சுவராக்கித் தாளும் ஒட்டியிருந்தார்கள்.

வின்சன்ற் கண்ட கண்ட இடமெல்லாம் அடித்தான். செங்கல் சம்மட்டியைத் திருப்பி உதைத்தது. உள்ளங்கை வெடித்துப் பிடியெல்லாம் இரத்தம். ஐம்பதை எட்டப்போகும் ஆண் வாய்விட்டு அழுதான்.

யோகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. அந்த அறை இந்த உலகத்தில் இருக்கக் கூடாது. அவரை விட அதை வெறுத்தவர் யாரும் இல்லை. சம்மட்டியைப் பறித்துக்கொண்டு மாடிப்படிக்குப் பின்னால் ஓடினார். பூப்போட்ட தாள் ஒட்டிய சுவரில் ஓங்கி ஒரே அடி.

பலகை பிளந்து பழைய கதவு தெரிந்தது. இரண்டாவது அடியில் கதவும் விழுந்தது. அறைக்குள் இருந்த வெயில் வெளியே கொட்டியது.

"வாடா தம்பி, வந்து உடை!" என்று மூச்சிரைக்கத் திரும்பினார்.

வின்சன்ற் அறையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவு இஞ்சைதான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, அண்ணை?"

பெயர்களைச் சொல்லாவிட்டால் விடமாட்டோம் என்று அப்போது தன் மனைவி புஸ்பவதியைக் கொழும்பில் பிடித்து வைத்திருந்தார்கள் எனச் சொல்வதற்கு யோகலிங்கம் வாயைத் திறந்தார்.

அதற்குள் வின்சன்ற் கிட்ட வந்து, அவர் கையில் இருந்த சம்மட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டான்.