மூன்றாவது தோட்டா

"மறுபடியும் சிக்கிடுச்சு மிஸ்டர் டாக்கெட். அதே மூணாவது தோட்டா."

செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் பிஸ்டலை இரண்டு விரலால் தூக்கி கவுண்டர்மேல் வைத்தாள் நெல்டா.

ஆர்வில் டாக்கெட்டின் முகம் தொங்கிப்போயிற்று. கென்டக்கி மலையடிவாரத்தில், அந்தச் சின்ன ஊரில் நாற்பது வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறவர். அவர் கைபட்டுப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. இது ஒன்றுதான் ஐந்தாவது முறையாக வந்திருக்கிறது. ஐந்து முறையும் வியாழக்கிழமை.

"மச்சான், நூத்தறுபது டாலர் பிஸ்டல் இது" என்றான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மெர்ல். "இதுல நீ போட்ட சாமானுக்கு ஒரு டிராக்டரே வாங்கியிருக்கலாம்."

மெர்ல், ஆர்விலின் காலஞ்சென்ற மனைவிக்குத் தம்பி. சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த ஸ்டூல்தான் அவனுக்கு வேலை.

"வாயை மூடிட்டு காபியைக் குடி."

ஆர்வில் பிஸ்டலைப் பிரித்துப் போட்டார். முதல் வாரம், தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவை மெருகேற்றியிருந்தார். அடுத்த வாரம், தோட்டாக்களை அடைக்கும் மேகசினின் ஸ்பிரிங்கை மாற்றினார். அப்புறம் ட்ரிக்கர், மணலில் செருப்பு தேய்வது போலிருந்ததை வெண்ணெயாக்கினார். போன வாரம் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வால்நட் மரத்தில் செதுக்கிய புதுப்பிடியைப் போட்டுக் கொடுத்தார்.

"தோட்டா சிக்குறதுக்கும் வால்நட் மரத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு வாரமா யோசிக்கிறேன்" என்றான் மெர்ல். "அப்புறம் மச்சான், வியாழக்கிழமை ஆனா சட்டையை இஸ்திரி போடுறியே, அதுக்கும் சிக்குறதுக்கும்..."

ஆர்விலின் காது சிவந்தது. "உங்க வீட்டுப் பக்கம் வந்த கரடி திரும்ப வந்துச்சா மேடம்?" என்று அவசரமாகக் கேட்டார்.

"நேத்து வந்துச்சு. குப்பைத்தொட்டியை உருட்டிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துட்டு நிதானமாப் போச்சு. மூணாவது தோட்டா சிக்கும்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு போல."

கடைக்குப் பின்னால், மண்மேட்டில் காகிதக் குறி ஒட்டிய பலகை நின்றது. ஆர்வில் பத்து தோட்டா சுட்டார். பத்தும் தடையில்லாமல் போயின. நெல்டா வாங்கிச் சுட்டாள். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான், சிக்கிக்கொண்டது.

"பிஸ்டல்மேல குத்தமே இல்லை" என்றான் மெர்ல், கதவில் சாய்ந்தபடி. "மணிக்கட்டுதான். பொம்பளைங்க தளர்வாப் பிடிப்பாங்க. அது பின்னால உதைக்கும்போது கையும் கூடவே போயிடும். அப்புறம் அடுத்த தோட்டா எப்படி ஏறும்? என் வீட்டுக்காரியும் இதே கதைதான். கெட்டியாப் பிடிங்க மேடம், சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி!"

"இன்னொரு தடவை காட்டுங்களேன் மிஸ்டர் டாக்கெட்" என்றாள் நெல்டா.

ஆர்வில் வாராவாரம் செய்வதுபோலவே பக்கத்தில் நின்று, அவள் கைமேல் தன் கையை வைத்து, முகத்தை மட்டும் மரியாதையாக மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். பத்தும் போயின. அடுத்த சுற்றுக்குக் கையை எடுத்தார். மூன்றாவது சிக்கியது.

உள்ளே வந்து வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார். உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. பிறகு நெல்டாவைப் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்:

"மேடம், என்னால முடியலை."

மெர்லின் காபிக் கோப்பை பாதிவழியில் நின்றது. மச்சான் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதேயில்லை.

"இருபது மைல் தள்ளி பெரிய கடை இருக்கு. சின்ன வயசுப் பசங்க, புது மிஷின் எல்லாம் வச்சிருக்காங்க. அங்க கொண்டுபோய்க் காட்டுங்க. இனிமே வியாழக்கிழமை இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்."

"வரவே வேண்டாமா?"

"வரணும்னுதான்..." ஆர்வில் தொண்டையைச் செருமினார். "சரி பண்ணத் தெரியாம திரும்பத் திரும்ப வரச் சொன்னா அது ஏமாத்து வேலை மேடம். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை."

"மச்சான், உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று முணுமுணுத்தான் மெர்ல்.

நெல்டா பெருமூச்சு விட்டாள். பிஸ்டலையும் ஒரு கை தோட்டாக்களையும் அள்ளிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனாள்.

தையல் மிஷின் ஓடுவதுபோல் பத்து வெடிச்சத்தம், இடைவெளியில்லாமல்.

ஜன்னலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்த மெர்ல் திரும்பவேயில்லை. "பத்தும் நடுவுல... ஒரு காபிக் கோப்பை வாயளவு இடத்துல" என்றான் கண்ணாடியைப் பார்த்தே. "மச்சான், இடது கையால சுட்டாங்க."

நெல்டா உள்ளே வந்து, காலி மேகசினைக் கழற்றி, பிஸ்டலை கவுண்டரில் வைத்தாள்.

"ராணுவத்துல இருபத்திரண்டு வருஷம் சிப்பாய்ங்களுக்குச் சுடச் சொல்லிக் குடுத்தவ நான், வாராவாரம் அந்த மூணாவது தோட்டாவைச் சிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள். "சொல்லுங்க ஆர்வில், இந்த ஊர்ல ஒரு பொம்பளையைச் சாப்பிடக் கூப்பிடணும்னா இன்னும் எத்தனை ஸ்பிரிங் மாத்தணும்?"